சிவப்புப் பென்சிலும் தபாலில் வந்த படங்களும்

மற்றவர்கள் வரைந்த படத்தில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். விடைத்தாள் திருத்துகிறவர்கள், பத்திரிகைக்கு வரும் கதைகளைத் திருப்பி அனுப்புகிறவர்கள், உங்களுக்கெல்லாம் இந்தப் பாவம் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் காந்திபுரத்தில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளுக்குத் தபால் வழியாக உயர்நிலை ஓவியப் பயிற்சி. மாதம் ஒரு பாடம், மொத்தம் பன்னிரண்டு. அச்சடித்த பாடத்தை நாங்கள் அனுப்புவோம், அவர்கள் வரைந்து அனுப்புவார்கள், நான் சிவப்புப் பென்சிலால் திருத்தி ஐம்பதுக்கு மார்க் போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. குறிப்புக்கு அடியில் இனிஷியல் மட்டும் போடுவதால் எல்லாப் பிள்ளைகளும் என்னை "சார்" என்றே எழுதினார்கள். ஆபீஸில் இருந்த இன்னொருவர் மேனேஜர் கிருஷ்ணசாமி அண்ணன். அவருக்கு வரையத் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

கொம்பின் நீளம்

மூன்றாம் பாடம் விலங்குகள். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கும் ஒரு விலங்கைப் பார்த்து வரைய வேண்டும். காங்கேயம் பக்கத்திலிருந்து பத்தாவது படிக்கும் செந்தில் ஒரு காளையை வரைந்து அனுப்பியிருந்தான். திமிலும் கழுத்துத் தொங்கலும் அழகாக வந்திருந்தன. ஆனால் கொம்பு முகத்தைவிட நீளமாக இருந்தது. என் மேஜையில் விலங்குகளின் உடல் அளவு பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் கிடக்கும். அதில் இருந்தவை எல்லாம் ஏதோ குளிர்நாட்டு மாடுகள் என்பது எனக்கு உறைக்கவில்லை. "கொம்பு அளவுக்கு மீறியது. கற்பனையைத் தவிர்க்கவும்" என்று எழுதி, இருபத்தெட்டு மார்க் போட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த பாடத்தோடு ஒரு மடித்த காகிதம் வந்தது. பிரித்தால் உள்ளே இரண்டு நூல் துண்டுகள். நானும் இந்தச் சீமையில் பிறந்து வளர்ந்தவள்தான். பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ காளைகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்றின் கொம்பையும் கவனித்ததில்லை. நூல்களை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தேன், வெள்ளைதான் நீளம். காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது: "சார், வெள்ளை நூல் கொம்புங்க, கறுப்பு நூல் மூஞ்சிங்க. அளக்கறப்ப மாடு ஆடாம நின்னுச்சுங்க."

தாளைச் சுத்தமாக வைக்கவும்

ஈரோட்டிலிருந்து பிளஸ் ஒன் படிக்கிற சாந்தி. கோடு போடுவதில் அவளுக்கு இருந்த தைரியம் பெரியவர்களுக்கே வராது. ஆனால் எல்லாத் தாளின் ஓரத்திலும் மஞ்சளாக ஒரு விரல் கறை இருக்கும். அதற்கென்றே எங்களிடம் ரப்பர் ஸ்டாம்பு உண்டு: "தாளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்." நாலு பாடத்துக்கும் குத்தினேன், நாலு தடவையும் ஐந்து மார்க் குறைத்தேன். ஐந்தாம் பாடம் பளிச்சென்று வந்தது. ஆனால் கோடெல்லாம் நடுக்கம், வட்டம் வட்டமாகவே இல்லை. "சுத்தம் நன்று. கோட்டில் உறுதி இல்லை" என்று எழுதினேன்.

திருத்திய தாள் போய்ச் சேர்ந்த வாரமே கடிதம் வந்தது. கோபம் ஒன்றும் இல்லை அதில். விளக்கம் மட்டும்தான்: "சாயங்காலம் மஞ்ச மண்டியில அம்மாகூட மஞ்ச பொறுக்கப் போவேனுங்க சார். சோப்புப் போட்டாலும் நகத்துக்குள்ள நிக்குதுங்க. இந்தத் தடவ கையில பிளாஸ்டிக் கவரைக் கட்டிட்டு வரைஞ்சேனுங்க, அதுல பென்சில் வழுக்குதுங்க."

அந்த ரப்பர் ஸ்டாம்பை நான் டிராயரின் அடியில் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கிருஷ்ணசாமி அண்ணன் அதைத் தேடி எடுத்து, துடைத்து, மறுபடியும் என் மேஜைமேல் வைத்தார். "அது என்னுங்க அம்மணி பண்ணுச்சு? குத்தினது நீங்கதானுங்களே."

சார் வரைந்த படம்

கோபியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவன், பேர் பிரபு, நல்ல மரியாதையாக ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தான். சார் தன் கையால் வரைந்த படம் ஒன்றை அனுப்பினால் பார்த்துப் பழகிக்கொள்வானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் ஓரத்தில் ஒரு சொம்பை வைத்து வரைய ஆரம்பித்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் எனக்கென்று நான் ஒரு கோடு கூடப் போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோடு போடுவதற்கு முன்பே அதில் என்ன தப்பு என்று மனசு சொல்லிவிடுகிறது. அழித்து அழித்துத் தாள் பஞ்சு பஞ்சாகப் பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் எங்கள் பாடத்திலேயே இருந்த மாதிரிப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத் தாளை வைத்து, அப்படியே எடுத்து, கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். யாராலும் படிக்க முடியாத முழுக் கையெழுத்து.

பதில் போஸ்ட் கார்டில் வந்தது. கிருஷ்ணசாமி அண்ணன்தான் முதலில் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "படம் கெடைச்சுதுங்க சார். நாலாம் பாடத்துப் படத்து மேல வெச்சுப் பார்த்தேனுங்க, ஒரு மயிரிழை கூட வெலகலீங்க."

ஏழாம் பாடம்

இனி சொல்லப் போவது, சிரித்துக்கொண்டே சொல்ல முடியாதது. சத்தியமங்கலத்திலிருந்து பத்தாவது படிக்கும் தேவகி என்ற பெண். முதல் நாலு பாடமும் அவசரக் கை, பென்சிலை அழுத்தி அழுத்தி வரைந்தவை. ஐந்தாம் பாடத்தில் கை மாறியது. ஏழாம் பாடம் ஒளியும் நிழலும். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் நசுங்கிய அலுமினியப் போசிப் பாத்திரம், பக்கத்தில் பிழிந்து போட்ட ஈரத்துணி. போசி நசுங்கிய இடத்தில் வெளிச்சம் உடைந்து விழுந்ததை அப்படியே பிடித்திருந்தது அந்தக் கை. துணியின் ஈரம் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல, சந்தேகம். "இது உன் கை அல்ல. பிறர் வரைந்ததை அனுப்பியதால் நிராகரிக்கப்படுகிறது" என்று படத்தின் மேலேயே, குறுக்காக, சிவப்பில் எழுதினேன்.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா பஸ் ஏறி ஆபீஸுக்கே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயசு இருக்கும். பேர் ராஜாமணி, தேவகியின் அம்மா. திருத்துகிற சார் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். பிறகு மறைக்காமல் சொன்னார். "புள்ளைக்குப் பரீட்சை வருதுங்க, வரையறதை உட்டுப்போட்டா. பாடம் வந்து சும்மா கெடக்குதேன்னு நாந்தான் மத்தியானத்துல உக்காந்து வரைஞ்சு அவ பேருல அனுப்பிப்போட்டேனுங்க." இதற்கு முன் வரைந்ததுண்டா என்று கேட்டேன். கோலம் போட்டதோடு சரி என்றார். பைக்குள்ளிருந்து அந்தப் படத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். என் சிவப்பு எழுத்து அடுப்பையும் போசியையும் வெட்டிக்கொண்டு போனது. ரப்பரால் அதை அழிக்கப் பார்த்திருக்கிறார், எழுத்து போகவில்லை, அடியில் இருந்த நிழல்தான் போயிருந்தது.

"தப்புத்தானுங்க, இனி அனுப்பலீங்க. இதுக்கு மட்டும் என்ன மார்க் வரும்னு சொன்னீங்கன்னா போயிருவேனுங்க" என்றார். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு என்று என் மனசுக்குள் எப்போதோ போட்டாகிவிட்டது. ஆனால் வாய் விதியைத்தான் சொன்னது: மாணவர்களுக்கு மட்டும்தான் பயிற்சி, நிராகரித்த படத்துக்கு மார்க் கிடையாது. அவர் படத்தை மடிப்பு விழாமல் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "சரிங்க அம்மணி. புள்ளை பள்ளிக்கூடம் உட்டு வர்றதுக்குள்ள ஊட்டுக்குப் போகோணும், வாரேனுங்க."

தாமதமாகப் போன தபால்

அவர் படியிறங்கும்போது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கீழே டைப்ரைட்டர்களின் சத்தத்தைத் தாண்டி அவர் தெருவுக்குப் போகும்வரை நேரம் இருந்தது. போகவில்லை. மறுநாள் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன், விதியை மீறியது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று விட்டேன். அப்படியே எட்டு மாதம் போயிற்று. அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்த அன்றைக்குத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. ராஜாமணி அம்மாள் என்று அவர் பேருக்கே எழுதினேன். ஏழாம் பாடத்துக்கு நாற்பத்தெட்டு, நான் திருத்தியதிலேயே அதுதான் நல்ல படம், தொடர்ந்து வரையுங்கள் என்று. கிருஷ்ணசாமி அண்ணனிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஆபீஸ் கவரையே எடுத்து, தன் கையால் முகவரி எழுதினார்.

நான் வேலையை விட்ட பிறகு வந்த பதிலை அவர் என் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். தேவகி எழுதியிருந்தாள்: "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேனுங்க மேடம். நாப்பத்தெட்டான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. இப்ப வரையறதில்லீங்க, மத்தியானத்துல மில்லுக்குப் போறாங்க."

இப்போதெல்லாம் யாராவது படம் என்று எதையாவது நீட்டினால், முதலில் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறேன்.