பதில் வராத இடத்தில் பூஜ்யம்

"அளவு எடுக்கப்படாத கட்டத்தில் பூஜ்யம் எழுதக் கூடாது, கோடு போட வேண்டும்." எங்கள் ஆய்வகப் பதிவேட்டின் முதல் விதி இது. பூஜ்யமும் ஓர் அளவுதான். பதிவேட்டில் இதை மீறியவர்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். கணினித் திரைக்கும் இந்த விதி பொருந்தும் என்று யாரும் சுற்றறிக்கை விடவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆம்பூர் அருகே, தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் நான் கண்காணிப்பாளர். ஒவ்வொரு தொழிற்சாலைக் குழாயிலும் ஒரு மீட்டர். அன்றைக்கு அனுமதித்த அளவைத் தாண்டினால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். "இன்னும் எவ்ளோ வுடலாம் சார்?" என்று நாள் முழுக்க போன் வரும். அதை நிறுத்த, அவரவர் பிரவுசரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. மீட்டர் நிறுவனத்தின் சர்வர், வெப் சர்வீஸ் வழியாக அளவுகளைத் தரும். அவற்றை இழுத்து இணையப் பக்கத்தில் காட்டும் வேலையை, ராணிப்பேட்டையிலிருந்து வரும் புரோகிராமர் கல்பனா ஒரு ஜாவாஸ்கிரிப்ட் டூல்கிட்டை வைத்து நான்கே நாளில் முடித்தார்.

ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தும் எனக்கு ஆர்வம் தாளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பக்கம் கேள்விய அனுப்பிடும் சார். பதிலுக்காக நிக்காது, மத்த வேலையப் பாக்கும். பதில் வந்ததும் இந்த ஃபங்ஷன் ஓடும்."

"வரலன்னா?"

"வந்துடும் சார்."

என் அலுவலக வாழ்க்கையில் இவ்வளவு நம்பிக்கையுள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை. பிரவுசர் அனுப்பிய கேள்விகளையெல்லாம் பட்டியலிடும் ஒரு பகுதியைத் திறந்து காட்டினார். ஒரு கேள்விக்கு எதிரே 'பெண்டிங்' என்றிருந்தது. சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு காலை, ஆட்டுத்தோல் பதனிடும் சிறிய தொழிற்சாலைக்காரர் நஜீர் பாய் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது பேஜாரு? உங்க ஸ்கிரீன்ல ஜீரோ காட்டுச்சு. ஒண்ணும் போவலன்னு நெனச்சு ஊறல் தண்ணியத் தொறந்து வுட்டேன். இப்ப வால்வு மூடிக்கிச்சு. சுண்ணாம்புல ஐநூறு தோலு கெடக்குது!"

அவர் தொழிற்சாலைக்கு வருவதற்கு முன்பே காலை ஷிஃப்ட் அன்றைய அளவில் பாதியை விட்டிருந்தது. தோல் ஊறிய தண்ணீரை மறுநாள்கூட விடலாம். சுண்ணாம்பு நீரை மாலைக்குள் வெளியேற்றாவிட்டால் ஐநூறு தோலும் கெட்டுவிடும்.

கல்பனா புரோகிராமைத் திறந்து பார்த்தார். பக்கம் திறந்ததும் முதலில் பூஜ்யம் தெரியும். பதில் வந்ததும் எண் மாறும். அன்று காலை சர்வர் பதிலே தரவில்லை. பூஜ்யம் அப்படியே நின்றுவிட்டது.

"காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு ஜீரோ போட்டேன் சார்" என்றார்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார் நஜீர் பாய். "அதான் நம்பிட்டேன்."

கருவிக் கோளாறு என்று மீட்டர் நிறுவனம் எழுதித் தந்தால் வால்வைத் திறக்கலாம். போன் செய்தேன். "மெயில் போடுங்க சார், பாத்துட்டு ரிப்ளை பண்றோம்." போட்டேன். மதியம் இரண்டு மணி வரை பதில் இல்லை.

வால்வு விதியின் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன். சேர்ப்புத் தொட்டியில் இடமிருந்தால், அவசரத்தில் கண்காணிப்பாளர் தன் பொறுப்பில் திறந்துவிட்டு, நிறுவனத்தின் பதிலைப் பிறகு கோப்பில் சேர்க்கலாம். பதில் பாதகமாக வந்தால் தண்டனையும் அவருக்கே. தொட்டியின் மேல் நானே ஏறிப் பார்த்தேன், இடமிருந்தது.

"ரிட்டையர் ஆவுற நேரத்துல உங்களுக்கு இன்னாத்துக்கு சார் வம்பு?" என்றார் மேலாளர்.

கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்கு வால்வு திறந்தது. நஜீர் பாய் நன்றிகூடச் சொல்லாமல் தோலைப் பார்க்க ஓடினார். அதுதான் சரியான முன்னுரிமை.

மறுநாள் கல்பனாவும் நானும் பக்கத்தைத் திருத்தினோம். பதில் வரும்வரை 'கேட்டிருக்கிறோம்'. வராவிட்டால் கோடு. வந்தால் மட்டுமே எண். இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பதில் வராத நாளில் திரை என்ன காட்டும் என்பதை முதலில் எழுதுங்கள். பதில் வரும் நாளை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

மீட்டர் நிறுவனத்துக்கு ஏழு நினைவூட்டல்கள் அனுப்பினேன். நஜீர் பாயின் தோல் பதமாகி, ஷூவாகி, கப்பலேறியது. கோப்பு மட்டும் என் பெயரில் நிலுவையில் இருந்தது. கடைசியில், குறிப்பிட்ட காலையில் தங்கள் சேவை இயங்கவில்லை என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினார்கள். நான் ஓய்வு பெற்றது மாதத்தின் கடைசி நாள். பதில் வந்தது மறுநாள், ஒன்றாம் தேதி.