வேண்டுமென்றே கோட்டைவிட்ட பரீட்சை

தலைக்கவசம் மாட்டி முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று விதி இருந்த காலம். மிசிசிப்பி மாநிலத்தில் பாதிப் பேர், கல்லூரி அணியின் நட்சத்திரம் லமாண்டின் எண் போட்ட சட்டையை வாங்கி மாட்டியிருந்தார்கள். விற்ற பணமெல்லாம் கல்லூரிக்கு. அவனுக்கு இலவசப் படிப்பும் சாப்பாடும் மட்டும், அதுவும் ஆடும்வரைதான். மண்டையில் அடிபட்டு உட்கார்ந்தால், ஊருக்குத் திரும்பி அம்மாவோடு கோழி வெட்டும் ஆலையில் வேலைதான்.

அதனால் பருவம் தொடங்குமுன் எல்லோருக்கும் வைக்கும் ஞாபகப் பரீட்சையில், மூத்த ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி, டாக்டர் படித்த பத்து வார்த்தையில் நாலை மட்டும் திருப்பிச் சொல்லி, மற்றதை மறந்ததுபோல் விட்டான். பிறகு தலையில் அடிபட்டு மறுபடி பரீட்சை வைத்தாலும் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியாதே!

இன்றைய ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் முட்டியதில் தலைக்கவசமே திரும்பிவிட்டது. இடைவேளையில் அணி டாக்டர் அதே பரீட்சையை வைத்தார். இம்முறை லமாண்ட் உயிரைக் கொடுத்து யோசித்தும் பத்து வார்த்தையில் நாலுதான் வந்தது.

"அன்னைக்கும் நாலு, இன்னைக்கும் நாலு. உனக்கு ஒண்ணுமில்லடா, போய் ஆடு," என்றார் டாக்டர்.

"சார், நெசமாவே ஞாபகம் வரல..."

"உனக்கு என்னைக்குடா வந்துச்சு?" என்று பயிற்சியாளர் சிரித்து, முதுகில் தட்டி வெளியே தள்ளினார்.

அவன் எண் போட்ட சட்டை உடுத்திய கூட்டம் அவன் பெயரைக் கத்தியது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு நினைவில்லை.