யானை எவ்வளவு பெரியது?

போன வாரம் சுமதியிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்: "அண்ணா, படத்துல கை மறுபடியும் வெட்டுப்படுது."

சுமதி என் மனைவியின் தோழி. புனேயின் தாபோடிப் பகுதியில் வளர்ந்தவள். அதே ஊரில் ஔந்த்தில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் டீச்சர். சைகைகளை அசையும் படங்களாக வரைவாள். குழந்தைகள் டேப்லெட்டில் பார்த்துப் பழகுவார்கள். அந்த ஆப்பை எழுதிக் கொடுத்தது அடியேன். இலவசமாகத்தான்... இலவசமாகக் கொடுப்பவனுக்கு வருகிற திமிர் தனி ரகம்.

'பெரியது' என்று காட்ட, நெஞ்சருகே இருக்கும் இரண்டு கைகளும் அகல விரிய வேண்டும். என் ஆப்பில் தோளைத் தாண்டியதும் கைகளைக் காணோம். முதல் தடவை சொன்னபோதே தீர்ப்பு வழங்கிவிட்டேன் — "உன் ஃபைல்தான் சரியில்லை, திரும்ப வரை." பாவம், ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்தாள்.

இந்த முறை வாகட்டில் என் வீட்டில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். அசையும் படம் என்பது அடுக்கி வைத்த பல படங்கள். முழுச் சட்டத்தின் அகலமும் உயரமும் ஃபைலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். உள்ளே ஒவ்வொரு படமும் அதைவிடச் சின்னதாக இருக்கலாம். நான் என்ன செய்திருந்தேன்? முதல் படத்தின் அளவையே மொத்த அளவாக எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் படத்தில் கைகள் நெஞ்சோடு இருந்தன. விரிந்த கைகளுக்கு நான் இடமே ஒதுக்கவில்லை.

முதலில் பார்த்ததை வைத்தே முழுசையும் அளந்துவிடுவது — மனிதர்களிடமும் இதைத்தானே செய்கிறோம்?

நாலு வரி மாற்றினேன். மறுநாள் பள்ளிக்கே போனேன்.

"தப்பு என்னோடதும்மா. உன் படம் முதல்லயே சரிதான். ஸாரி."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு எதுக்கு ஸாரி, அண்ணா? திரும்ப வரைஞ்சேன், அவ்வளவுதான். ஆனா அனன்யா இருக்காளே... யானை எவ்வளவு பெரிசுன்னு கேட்டா, கையைத் தோளோட நிறுத்திடுவா. படத்துல அப்படித்தானே இருக்கு? நான் தினமும் தப்பு, தப்புன்னு அவளைத் திருத்தினேன். இப்போ கிளாஸ்ல கையே தூக்க மாட்டேங்கறா."

ஏழு வயதுக் குழந்தை. நான் ஃபைலைக் குறை சொன்னேன். சுமதி குழந்தையைக் குறை சொன்னாள். அந்தக் குழந்தைக்குக் கீழே குறை சொல்ல யாரும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்கும் சைகையைச் சுமதியிடம் கற்றுக்கொண்டேன். இரண்டு பேரும் அனன்யா முன்னால் போய் நின்று, சரி செய்த படத்தைக் காட்டி, தப்பு எங்களுடையது என்று கைகளால் சொன்னோம்.

அவள் படத்தை இன்னொரு முறை ஓட விட்டாள். பிறகு, அது எவ்வளவு பெரிய தப்பு என்று இரண்டு கைகளையும் முழுசாக விரித்துக் காட்டினாள்.