திருடர் தலைவன் பாட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளி மேடையில் ஏறிய முதல் ஆளும் நான்தான். ஏறியது திருடர் தலைவனாக.

முதலியார்பேட்டையில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். வீடில்லாத பிள்ளைகளுக்குப் பிக்பாக்கெட் அடிக்கக் கற்றுத்தரும் தலைவனுக்கு ஒட்டுத்தாடி, தொளதொளத்த கோட்டு, கூடவே ஒரு முழுப் பாட்டு. ராணி வேடத்துக்கு அடித்துக்கொண்டவர்கள் யாரும் தாடியைத் தொடவில்லை. பாட்டுக்காக நான் கையைத் தூக்கினேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"படிக்க அனுப்புனா திருடக் கத்துக்குடுக்கறாங்களா? எவனாவது உன்னப் பாத்து சிரிக்கட்டும், மேடைன்னுகூட பாக்கமாட்டேன், இழுத்துனு வந்துடுவேன்."

சிரிக்க வைக்கத்தான் அந்தப் பாட்டே என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

"பத்து விரலும் பாட்டுப் படிக்கும், பக்கத்துப் பை தானாத் திறக்கும்" என்று தாடியை நீவிக்கொண்டு ஆரம்பித்ததுமே கூட்டம் சிரித்துவிட்டது. நான் பயந்தபடியே, அம்மாவின் பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். பள்ளிகளுக்குச் சுவர் கட்டிய கொத்தனார்; உள்ளே உட்கார்ந்தது அன்றுதான். நேராக மேடையேறி வந்தார். இழுத்துப்போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் பாட்டை விடவில்லை.

வந்தவர் ஒரு நூறு ரூபாய் நோட்டை என் கோட்டில் ஊக்கால் குத்தினார். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர். நன்றாக ஆடுகிறவருக்கு ஆட்டத்தின் நடுவிலேயே நோட்டு குத்துவதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

"சார், எறங்குங்க சார்" என்று ஓரத்தில் மிஸ் கையை ஆட்டினார். திருடனைத் தேடிவந்து பணம் கொடுத்தவரைப் பார்த்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாட்டில் தலைவன் பை அடித்துக் காட்டும் இடம் வந்தது. எதிரே அப்பாவின் சட்டைப்பை. இரண்டு விரலை விட்டு அவர் சீப்பை உருவி, உயர்த்திக் காட்டிக்கொண்டே கடைசி அடியைப் பாடி முடித்தேன். அப்பா வெறும் பையைத் தடவிக்கொண்டு இறங்கினார். கைதட்டல் ஓயவே இல்லை. பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடவைத்தார்கள்.

"அப்பாவ அனுப்பி இழுக்கப் பாத்தியே, முடிஞ்சிதா?" என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

"மொதல்ல தாடியக் கழட்டுடி" என்றாள். பிறகு கோட்டிலிருந்து நோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, ஊக்கைத் தன் வளையலில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய ஊக்கு எப்போதும் அந்த வளையலில்தான் தொங்கும்.

அன்று நான் நோட்டை மட்டும்தான் பார்த்தேன்.