மரியம் பூ போன வீடு

ஆம்பூரில் முக்தார் அகமது வீடு எது என்று கேட்டால் தோல் வியாபாரிகளுக்குத்தான் தெரியும். அஜீஸுன்னிசா வீடு எது என்று கேட்டால் பிள்ளை பெற்ற பெண்கள் அத்தனை பேரும் கை நீட்டி வழி காட்டுவார்கள். முக்தார் அகமதுக்கு இதில் உள்ளூர ஒரு குறை உண்டு. சொந்தமாகத் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கிறவர், மசூதியில் முன் வரிசையில் நிற்கிறவர். பெண்டாட்டி பேரைச் சொல்லி வீட்டை விசாரிக்கிறார்கள் என்றால் எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்?

காரணம் ஒரு பூ. அஜீஸுன்னிசாவின் மாமனார் ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது கொண்டுவந்த மரியம் பூ. பூ என்று பேரே தவிர, பார்த்தால் காய்ந்து சுருண்ட வேர்க்கட்டைதான். இறுக்கி மூடிய கை மாதிரி இருக்கும். வலி கண்டதும் அதைத் தண்ணீரில் போட்டு, பிள்ளை பெறுகிறவள் கண்ணில் படும்படி வைப்பார்கள். மெல்ல மெல்ல விரியும். அது விரிய விரியப் பிள்ளைக்கும் வழி கிடைக்கும் என்று நம்பிக்கை. காய வைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும், அடுத்த வீட்டுக்குப் போகும். முஸ்லிம் பெண்கள் ஹஜ்ரத் மரியம் பேரைச் சொல்லிப் போடுவார்கள். கிறிஸ்தவப் பெண்கள் மாதா பேரைச் சொல்லுவார்கள். இந்துப் பெண்கள் எதற்கும் இருக்கட்டும் என்று தங்கள் அம்மனையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

யார் வந்து கேட்டாலும் அஜீஸுன்னிசா கொடுத்தாள். ஆனால் நிபந்தனை உண்டு. பூ இருக்கிற அறையில் செத்தவள் கதை, பிழைக்காதவள் கதை எதுவும் பேசக்கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு யார் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்வதில் நம் பெண்களுக்கு அப்படி என்ன ருசியோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த வாய்களை அடைக்க அஜீஸுன்னிசா கண்ட வழி இது. பூவைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு முறை வைத்திருந்தாள். நாற்பது நாள் கழிந்ததும் பெற்றவளே பிள்ளையோடு வரவேண்டும். பிரசவம் எப்படி நடந்தது என்று உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

இப்படி அவளிடம் கதைகள் சேர்ந்துபோயின. குடியாத்தத்து நெசவாளி வீட்டுப் பெண் ஒருத்தி வலிக்கு நடுவில் கேழ்வரகுக் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தாள். குடித்த சொம்பைக் கீழே வைப்பதற்குள் பிள்ளை வந்துவிட்டது. இன்னொருத்தி வலி வரும்போதெல்லாம் மாமியாரைத் திட்டித் தீர்த்தாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது, பின்னாலேயே பையனும் வந்தான். மாமியாரே இதைச் சொல்லிச் சிரித்தாள். பூ கேட்டு வருகிற அடுத்த பெண்ணுக்கு அஜீஸுன்னிசா இந்தக் கதைகளையும் சேர்த்தே கொடுத்தனுப்புவாள். பயந்து வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

இத்தனை பேரைச் சிரிக்க வைத்தவளுக்குத் தன் மருமகள் ஜஹீதாவிடம் மட்டும் வாய் வரவில்லை. ஜஹீதா வெளியே இருந்து வந்த மருமகளும் இல்லை, சொந்த அண்ணன் மகள், அத்தையைப் பூப்பி என்று கூப்பிட்டு வளர்ந்தவள். மேல்விஷாரத்தில் அவள் பிறந்த அன்றைக்கே தாய் நசீமுன்னிசா போய்விட்டாள். அன்று பூ வாணியம்பாடியில் யார் வீட்டிலோ இருந்தது. அதைத் தேடி வாங்கிக்கொண்டு அஜீஸுன்னிசா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூ மட்டும் இருந்திருந்தால் என்று அழுதாள். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சொல்லி அழுதாள். தாயில்லாப் பெண்ணைத் தூக்கி வந்து வளர்த்தவளும் அவள்தான். அந்தப் பெண் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

வளர்ந்தவளை மகன் நயீம் அகமதுக்கே கட்டி வைத்தாள். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு போக ஜஹீதாவுக்கு வேறு வீடு ஏது? மாமியார் வீடும் தாய் வீடும் ஒன்றே. வயிறு பெருக்கப் பெருக்க அவள் பேச்சு குறைந்தது. உத்தரத்தில் தொங்கும் பூப் பையை மட்டும் தினமும் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பாள். அது இருக்கிறவரை தானும் இருப்போம் என்று அந்தப் பெண் முடிவு கட்டியிருந்தாள். அஜீஸுன்னிசாவுக்கு அது தெரியும். பூ இந்த வீட்டை விட்டு நகராது என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

கொடுத்த வாக்கை அவளே மீறினாள். ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் ரத்தினசாமியின் பெண்சாதி சவுரியம்மாளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று ஆள் வந்து நின்றது. ஜஹீதாவுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, அவள் தூங்கும்போது பையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் நம் கணக்கைக் கேட்டுக்கொண்டா வருகின்றன? வெள்ளிக்கிழமை காலையில் ஜஹீதாவுக்கு இடுப்பைப் பிடித்தது.

அவள் முதலில் பார்த்தது உத்தரத்தைத்தான். கொக்கி வெறுமையாக இருந்தது.  கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தவள் கடித்ததுதான். தண்ணீர் கொடுத்தாலும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்தரி பேகம் வந்து பார்த்துவிட்டு, இவள் தாயும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் கிடந்தாளாம் என்று பெருமூச்சு விட்டாள். பூ இல்லாத அறையில் நிபந்தனை மட்டும் எங்கே நிற்கும்? வெந்நீர் கொதித்ததா என்று பார்க்கச் சொல்லி அவளை அடுப்படிக்கு அனுப்பினாள் அஜீஸுன்னிசா. 

நயீம் ஷாப்பு வேலையாக வெளியூர் போயிருந்தான். முக்தார் அகமது தம்மால் ஆனதைச் செய்தார். ஜும்மா தொழுகைக்குப் புறப்படும் முன், ஜட்கா ஓட்டும் வேலுவைக் கூப்பிட்டு, ரத்தினசாமி வீட்டிலிருந்து பூவையும் மருத்துவச்சி கோவிந்தம்மாளையும் கையோடு கூட்டிவரச் சொல்லிவிட்டுப் போனார். பெண்டாட்டியைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. உத்தரவு போட்டால் காரியம் நடந்துவிடும் என்பது ஷாப்பில் பழகிய பழக்கம்.

வேலுவோடு கோவிந்தம்மாள் வரவில்லை. வலியில் இருக்கிறவளைப் பாதியில் விட்டுவிட்டு வரமுடியாது என்று சொல்லியனுப்பியிருந்தாள். பூ மட்டும் வந்தது. பின்கட்டு வாசலில் ரத்தினசாமி ஒரு மண்சட்டியைத் துண்டால் மூடி இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான்.

"முதலாளி சொல்லியனுப்பினாருங்கம்மா. கொண்டாந்துட்டேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அஜீஸுன்னிசா, சவுரியம்மாளுக்கு ஆகிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றான். திரையை விலக்கித் துண்டை எடுத்துப் பார்த்தாள். தண்ணீருக்குள் பூ பாதி விரிந்திருந்தது.

"சவுரி இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைங்க. எடுத்துனு போன்னு கண்ண மூடிக்கினா."

அஜீஸுன்னிசா சட்டியை வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், வாங்காவிட்டால்தான் சொல்லுவார்கள். உள்ளே ஜஹீதா மூச்சை அடக்கும் சத்தம் கேட்டது. பூ வராத வீடு எப்படி இருக்கும் என்று ஆம்பூரில் இவளைவிட அறிந்தவள் யார்? அந்தக் கதியைச் சவுரியம்மாள் வீட்டுக்கு வரவைத்துவிட்டு இங்கே பிள்ளையைக் கையில் வாங்கினால் அந்தக் கை கூசாதா? கேளாமல் உத்தரவு போட்ட புருஷன் மேல் கோபம் வந்தது. சொன்னதும் தூக்கிக்கொண்டு வந்த ரத்தினசாமி மேலும் வந்தது, நாள் கணக்குப் பார்த்த தன் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. கோபத்தில்தான் அவளுக்குப் புத்தி வேலை செய்யும். ஜட்காவுக்கு இரண்டு பக்கமும் திரை கட்டச் சொல்லி வேலுவை விரட்டினாள்.

உள்ளே போய் ஜஹீதாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "பூ நம்மகிட்ட வராது, கண்ணு. நாம அதுகிட்ட போறோம்."

அக்தரி பேகம் கையை உதறினாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கமா, ஷாப்பு ஆட்கள் இருக்கும் தெருவுக்கா, இந்த நிலைமையில் வயிற்றுப்பிள்ளைக்காரியையா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அதற்குள் ஜஹீதாவை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஆண்கள் எல்லாரும் ஜும்மாவில் இருந்ததால் தெரு காலியாகக் கிடந்தது. ரத்தினசாமி வேலுவுக்குப் பக்கத்தில் சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். திரை இடுக்கு வழியாக ஜஹீதா அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில் கேட் திறந்திருந்தது, அல்லா பெரியவன்.

மாதா கோயில் தெருவில் ரத்தினசாமி வீடு ஒரே அறை. சவுரியம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, நடுக்கம்பத்தைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். முதலாளி வீட்டு மருமகள் உள்ளே வருவதைப் பார்த்ததும் வலியை மறந்து, வீட்டில் ஒரு பாய்தானே இருக்கிறது என்று பதறினாள். பாயைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று அதட்டினாள் கோவிந்தம்மாள். பூச்சட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். ஜஹீதாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அஜீஸுன்னிசாவிடம் சொன்னாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதும்மா. பயம்தான் வாசல்ல குறுக்க உக்காந்துனு இருக்குது."

ஜஹீதா அதுவரை ஒரு பிரசவத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணமாகாத பெண் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். பிள்ளைப்பேறு என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரு சாவு மட்டும்தான். இப்போது கண்ணெதிரே ஒருத்தி நடக்கிறாள், நிற்கிறாள், கம்பத்தில் நெற்றியை முட்டி அடித்தொண்டையில் உறுமுகிறாள், வலி விட்டதும் புருஷனைத் திட்டுகிறாள். எடுத்துக்கொண்டு போ என்று சொன்னால் இந்த ஆள் எடுத்துக்கொண்டே போய்விடுவதா என்று அவள் கேட்டதற்குக் கோவிந்தம்மாளே சிரித்துவிட்டாள். வெளியே ரத்தினசாமி இருமினான்.

கொஞ்ச நேரத்தில் சவுரியம்மாளின் பேச்சு நின்றது. மண்டி போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டிய தோளைப் பற்றினாள். அது அஜீஸுன்னிசாவின் தோள். முதலாளியம்மா என்ற நினைப்பு இரண்டு பேருக்குமே இல்லை. நீளமாக ஒரு உறுமல், இன்னொன்று, பிறகு கோவிந்தம்மாளின் கையில் ஈரமாக ஒரு பெண் குழந்தை வீல் என்றது. சவுரியம்மாள் வியர்வை வழிய அண்ணாந்து சிரித்தாள். இரண்டு தடியன்களுக்குப் பிறகு மாதா கண் திறந்தாள் என்றாள்.

ஜஹீதா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூடியிருந்த வாய் திறந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சின்னம்மா," என்றாள் சவுரியம்மாள். "வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். வர்றப்ப ஆளையே முழுங்குற மாதிரி வரும். ஆனா ஒவ்வொண்ணும் போய்டும். போனதும் நீங்களும் சும்மா இருங்க. அடுத்தத இப்பவே தேடாதீங்க."

ஜஹீதா தண்ணீர் கேட்டாள். பிறகு பசிக்கிறது என்றாள். அந்த வீட்டுக் கஞ்சியை உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். சொட்டு விடாமல் குடித்தாள். அதற்குப் பிறகு கோவிந்தம்மாள் சொன்னதை எல்லாம் அவள் உடம்பு கேட்டது. ஒரே பாயில் சவுரியம்மாள் ஒரு பக்கம் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையை ஜஹீதாவிடம் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு வலிக்கும் ஜஹீதா அந்தக் கையை நசுக்கினாள். விட்டதும் சும்மா இருந்தாள். வெயில் சாய்கிற நேரத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. ரத்தம் அதிகம் போகவில்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று கோவிந்தம்மாள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அஜீஸுன்னிசா மூச்சு விட்டாள். சட்டியில் பூ முழுக்க விரிந்ததா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

முக்தார் அகமது தொழுகை முடிந்து வந்து, காலி வீட்டைப் பார்த்து, கோபத்தோடு கிளம்பி வந்திருந்தார். கோபத்தை யாரிடம் காட்டுவது? வாசலில் ரத்தினசாமிதான் இருந்தான், அவனும் இவரைப்போலவே வெளிறிப்போய் இருந்தான். இரண்டு பேரும் ஒரே வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். பேரன் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லக் கூப்பிட்டபோது முக்தார் அகமது அந்தத் தாழ்ந்த வாசலில் நன்றாகவே குனிந்து உள்ளே வந்தார். பாங்கு சொல்லி முடித்ததும், வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அஜீஸுன்னிசா ஜஹீதாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ஏற எழுப்பியபோது, ஜஹீதா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தங்கள் உருதுவில் மெதுவாகக் கேட்டாள்.

"பூப்பி, எங்கம்மா என்னைப் பார்த்தாங்களா?"

இத்தனை வருஷத்தில் தாயைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.  ஊரார் கதைகளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, இந்தப் பெண்ணுக்கு அவள் தாயின் கதையில் கடைசி வரியை மட்டும்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம் என்பது அஜீஸுன்னிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மேல்விஷாரத்தில் அழுகைக்கு நடுவே அங்கிருந்த பெண்கள் சொன்னது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொல்ல ஆரம்பித்தாள்.

"பார்த்தா. சாயங்காலம் வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டிருந்தா. யாரு கேட்டும் கொடுக்கலை. மூக்கு என் மூக்குன்னு எல்லாருக்கும் காட்டினாளாம்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சா. நசீமுன்னிசா சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கும். அப்படிச் சிரிச்சாளாம்."

ஜஹீதாவுக்குக் கண்ணீர் கன்னத்தில் வழிந்து ஓடியது, துடைக்கவில்லை. வெளியே முக்தார் அகமது, பொழுது போகிறதே, வண்டி நிற்கிறதே என்று குரல் கொடுத்தார். கொஞ்சம் இருக்கச் சொல்லி அஜீஸுன்னிசா பதில் அனுப்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, பூப்பி," என்றாள் ஜஹீதா.