ஷாமோர் மண்ணைச் சுமந்தவள்

இல்லை, ஸெலி மண் திருடவில்லை. ரொட்டிக் கடை வாசலில் நின்றுகொண்டு யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருடுகிறவள் பட்டப்பகலில், முதுகில் கூடையோடு, ஊரே பார்க்க மூன்று குளிர்காலம் மேடு ஏறிக்கொண்டிருப்பாளா? அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவன் அவளுடைய கொழுந்தன் ஒனோரே. அவன் சொன்னதை அவன் பெண்டாட்டி சொன்னாள், அவள் சொன்னதைக் கோயில் மணி அடிக்கிறவன் சொன்னான், அதற்குப் பிறகு அது உண்மையாகிவிட்டது.

அரசாங்கக் குழுவின் முன்னால் அவள் சொன்ன சொல்லால் பதினோரு குடும்பங்கள் நஷ்டப்பட்டன என்கிறார்கள். அது நிஜம். அந்தப் பதினொன்றில் எங்கள் வீடும் ஒன்று. எங்கள் ஆறு வரிசைக் கொடியும் இன்றைக்கும் அந்தக் குழு கிழித்த கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. அப்படியிருந்தும் நான் சொல்கிறேன், அவள் பொய் சொல்லவில்லை. கேட்டு எழுதத்தானே வந்திருக்கிறாய், எழுதிக்கொள்.

ஸெலி, மொர்வான் என்கிற மலைப்பக்கத்துப் பெண். பதினெட்டு வயதில் திராட்சை பறிக்க வந்தாள், ஒனோரேயின் அண்ணன் லெயோனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அதனால் முப்பது வருஷம் எங்களோடு வாழ்ந்தும் கடைசிவரை அவள் 'மலைக்காரி'தான். லெயோன் போருக்குப் போனான், திரும்பி வரவில்லை. பிள்ளை கிடையாது. நிலம் சட்டப்படி தம்பிக்குச் சேரவேண்டியது, ஆனால் ஸெலி உயிரோடு இருக்கும்வரை ஷாமோரில் உள்ள துண்டு அவள் அனுபவத்தில் இருக்கும் என்று நோட்டரி எழுதிக் கொடுத்தார். வீட்டில் பின்கட்டு அறை அவளுக்கு. அடுப்பு பொது, நிலவறை பொது, பிழிபொறி பொது. ஒனோரேக்கு இருந்தது கீழே குட்டை என்கிற தோட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்சுவர், அவ்வளவுதான்.

அந்தச் சுவரை வெளியூர்க்காரர்கள் தாண்டிப் போவார்கள், ஒன்றும் தெரியாது. எங்களுக்குக் காலே சொல்லிவிடும். ஷாமோர் என்றால் செத்த நிலம் என்று அர்த்தம். கோதுமை போட்டால் முளைக்காமல் போகும், அதனால் வந்த பெயர். ஒரு முழம் சிவந்த மண், பொடிக்கல் கலந்தது, அதன் கீழே வெள்ளைப் பாறை. மண்வெட்டி போட்டால் கணீர் என்று கையை உதறும். சுவரைத் தாண்டிக் குட்டையில் அதே மண்வெட்டி பொதக்கென்று உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அங்கே களிமண். கொடி ஒரே சாதி, கவாத்து பண்ணுகிற கை ஒரே கை, பறிக்கிற வாரம்கூட ஒன்றுதான். பீப்பாயில் இறங்கினால் இரண்டும் ஒன்றை ஒன்று தெரியாததுபோல் இருக்கும்.

ஸெலி ஒருமுறை துணி துவைக்கும்போது சொன்னாள், "குட்டை ஒயின் பாத்த ஒடனே கட்டிப்பிடிக்கும், மூணாம் வருஷம் படுத்துக்கும். ஷாமோர் அஞ்சு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசாது. அதுக்கப்புறம் அது பேச ஆரம்பிச்சா நீ எந்திரிச்சுப் போகமாட்ட."

"உன்னைய மாதிரின்னு சொல்லு," என்றேன்.

"நான் அஞ்சு வருஷம் ஆகியும் பேசல," என்றாள்.

அப்புறம் அந்தப் பெருமழை வந்தது. ஜூன் மாதம், கொடி பூத்திருந்த நேரம். ஒரு மத்தியானத்தில் சுவர் இரண்டு இடத்தில் பிளந்து, ஷாமோர் மண் அப்படியே குட்டையின் தலைமாட்டில் இறங்கிப் படுத்துவிட்டது. மேலே வேர்கள் எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. இதற்கு எங்கள் ஊரில் வழக்கம் ஒன்று உண்டு, புதிதாக யாரும் உண்டாக்கியதல்ல. எவருடைய மண் இறங்கியதோ அவர் குளிர்காலத்தில் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் போடவேண்டும். கீழே இருக்கிறவர் வழிவிட்டு, ஒரு குவளை ஒயினும் கொடுக்கவேண்டும். முதல் குளிர்காலம் ஒனோரேயும் கொடுத்தான். நான் பார்த்தேன்.

இரண்டாம் வருஷம்தான் அந்தச் செய்தி வந்தது. அரசாங்கம் குழு அனுப்பப்போகிறது, எந்தத் தோட்டத்து ஒயினுக்கு ஷாமோர் என்று பெயர் போடலாம், எதற்குக் கூடாது என்று கோடு கிழிக்கப்போகிறது என்றார்கள். அதுவரைக்கும் கேட்பார் இல்லை. சுவருக்குக் கீழே இருந்த நாங்கள் எல்லோரும் ஷாமோர் என்றே விற்றுக்கொண்டிருந்தோம். வாங்குகிற வியாபாரிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இனிமேல் கோட்டுக்கு வெளியே விழுந்தால் வெறும் ஊர்ப் பெயரோடு, குறைந்த விலையோடு நின்றுகொள்ளவேண்டும். அப்போதுதான் ஒனோரேக்குத் தன் நிலத்தில் கிடக்கிற சிவப்பு மண் கண்ணில் பட்டது.

டிசம்பரில் ஒருநாள் நாலைந்து பேர் பாதையில் சுள்ளி கட்டிக்கொண்டிருந்தோம். அவன் வந்து அவள் எதிரே நின்றான்.

"அண்ணி, கூடைய எறக்குங்க. அது என் நெலத்துல கெடக்குற மண்ணு."

"உன் நெலத்துல கெடக்குது. உன் மண்ணு இல்ல."

"மழை கொண்டாந்து குடுத்தது. கடவுள் குடுத்ததுன்னு வச்சுக்குங்க."

"கடவுள் குடுக்கணும்னா சுவத்த இடிச்சுக்கிட்டா வருவாரு?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. சிரிக்காமல் இருந்திருந்தால் அவன் வீட்டில் வைத்துப் பேசித் தீர்த்திருப்பான். அன்று சாயங்காலமே 'மண் திருடி' என்ற சொல் ஊருக்குள் வந்துவிட்டது. மேயர் அவளைக் கூப்பிட்டு, குழு வந்து போகும்வரை மண்ணைத் தொடாதே என்றார். "கொடி காத்திருக்காது ஐயா, வேர் வெளிய நிக்குது, ஒரு பனி போதும்," என்று சொல்லிவிட்டு மறுநாளும் கூடையைத் தூக்கினாள்.

நான் போய்ச் சொன்னேன், மறைக்கமாட்டேன். "ஏன் ஸெலி, விட்டுத் தொலையேன். அவனுக்கு வேண்டியது பேரு, உனக்கு வேண்டியது சாகுற வரைக்கும் ஒரு அடுப்பு. மண்ணு எங்க கெடந்தா என்ன?"

அவள் கூடையின் தோல்வாரைத் தோளில் சரிசெய்துகொண்டே சொன்னாள், "லெயோன் எங்க பொதஞ்சு கெடக்கான்னு எனக்கு யாரும் காட்டல. இது எங்க கெடக்கணும்னு எனக்குத் தெரியும்ல."

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மூன்றாம் குளிர்காலம் முடிந்து, மார்ச்சில் குழு வந்தது. மூன்று பேர். ஒருவர் மண் பார்க்கிறவர், ஒருவர் ஒயின் தரகில் தலை நரைத்தவர், இன்னொருவர் எழுதுகிறவர். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே மேயர் அலுவலகத்தில் பதினோரு வீட்டு ஆம்பிளைகளும் கூடி, கோடு கீழ்ச் சாலை வரை வரவேண்டும், எல்லோரும் ஒரே வார்த்தை சொல்லவேண்டும் என்று கையடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரரும் கையடித்தார். ஸெலியை யாரும் கூப்பிடவில்லை.

மண் பார்க்கிறவர் குட்டையின் தலைமாட்டில், அவள் இன்னும் அள்ளி முடிக்காத இடத்தில், துளைக்கம்பியை இறக்கினார். சிவப்பு மண் வந்தது. தலையாட்டினார். பிறகு எல்லோரும் ஒனோரேயின் நிலவறைக்குள் இறங்கினோம். மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றவள் ஸெலி. ஒனோரே இரண்டு கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தான், இது மேலே விளைந்தது, இது கீழே விளைந்தது என்று. தரகர் முகர்ந்தார், வாயில் வைத்து உருட்டினார், துப்பினார். மறுபடியும் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்கதான்," என்றார். ஆம்பிளைகள் முகத்தில் உயிர் வந்தது.

அவர் மரியாதைக்குத்தான் திரும்பிக் கேட்டார். "நீங்கதானம்மா மேல வேலை செய்யறது? நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

ஸெலி ஒனோரேயைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான், அதையும் நான் பார்த்தேன். மெழுகு அவள் விரலில் வழிந்தது.

"ஒரே வயித்துப் பிள்ளைங்க இல்லைங்க ஐயா, ஒரே பிள்ளைதான். ரெண்டு கிண்ணமும் என் பீப்பாயில எடுத்தது. குட்டை ஒயின் அந்த மூலையில இருக்கு."

மெழுகுவத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, அவளே போய் மூலைப் பீப்பாயிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். தரகர் ஒரு வாய் வைத்தார். துப்பிவிட்டு எழுதுகிறவரைப் பார்த்தார். மண் பார்க்கிறவர் மேலே போய், அதே குழியில் இன்னும் இரண்டு முழம் இறக்கினார். கறுப்புக் களி ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆகஸ்டில் நில வரைபடம் வந்து மேயர் அலுவலகச் சுவரில் தொங்கியது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் சிவப்புக் கோடு எங்கே போகிறது என்று பார்க்க எழுத்து எதற்கு? சுவரை ஒட்டியே போயிற்று. சுவருக்குக் கீழே இருந்த எல்லோரும் வெளியே.

அதற்குப் பிறகு அவளோடு பேசுவது நின்றுபோனது. ரொட்டிக்காரி முந்தைய நாள் ரொட்டியை எடுத்துக் கொடுப்பாள். கோயிலில் அவள் உட்காரும் பலகையில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். ஒனோரேயின் பெண்டாட்டி அவள் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வாசலில் வைத்தாள். அறுவடைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. ஒன்பது நாள் தனியாகப் பறித்தாள். பறித்ததைக் கொண்டுவந்தால் பிழிபொறி அறை பூட்டியிருந்தது. எங்கள் பொறியைக் கொடுக்கலாமே என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அவ பேச்ச எடுத்தா நீயும் அவகூடவே போயிடு," என்றார்.

நான் மறுபடி கேட்கவில்லை. அந்த வருஷத்து ஷாமோர் தொட்டியில் கிடந்து புளித்து, குளவி மொய்த்துப் போயிற்று. அப்படியும் பனிக்காலம் முழுவதும் அவள் கவாத்து பண்ணினாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, பாதையில் போனவர்கள் ஒரு மாதிரியாகத் திரும்பி வந்தார்கள். நான் மேலே ஓடினேன். அவளுடைய கொடிகள் அத்தனையும் கணுக்கால் உயரத்தில் ரம்பத்தால் அறுக்கப்பட்டுக் கிடந்தன. லெயோனின் தாத்தா நட்டது சிலது, லெயோன் நட்டது மீதி. அது கொடியில் நீர் ஏறுகிற சமயம். ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிலம் முழுக்க ஈரம்.

ஸெலி குனிந்து வெட்டுவாய்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக வந்தாள். அழவில்லை.

"ஒருத்தன் வேலை இல்ல. மூணு ரம்பம்," என்றாள்.

கடைசி இரண்டு வரிசையில் நின்றாள். அங்கே வெட்டு மற்றவை போல இல்லை, எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது. எங்கள் ஊரில் இடக்கையால் ரம்பம் பிடிக்கிறவர் ஒரே ஒருவர்தான். அவர் பக்கத்தில் நாற்பது வருஷம் படுத்து எழுந்தவள் நான். ஸெலி என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கட்டையைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நானும்தான். இதையும் எழுது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அவருக்கு என்ன.

அந்த வாரமே ஒனோரே ஒரு காகிதத்தோடு அவள் அறைக்குப் போனான். எங்களுடையது சுவர் ஒட்டிய வீடு, எனக்கு எல்லாம் கேட்டது.

"கொடியே இல்லாத நெலத்துக்கு அனுபவ உரிமை எதுக்கு அண்ணி? கீழ ஒரு கீறல் போடுங்க. அறை உங்களுக்கே இருக்கட்டும்."

"கோட்டுக்கு உள்ள இருக்குறது அது ஒண்ணுதான. அதான் வேணுமா?"

"குடும்பத்துக்கு வேணும்."

"போடமாட்டேன் ஒனோரே. நான் இருக்குற வரைக்கும் அது வெறுங்கல்லா கெடக்கட்டும். அதுக்குப் பழக்கம்தான்."

"அப்ப கதவு தெறந்துதான் இருக்கு."

பிறகு பெட்டி மூடுகிற ஓசை. முப்பது வருஷம் பின்கட்டு வழியாகவே போய்வந்தவள், அன்று நடுக்கூடத்தைக் கடந்து, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையைக் கடந்து, முன்வாசலால் இறங்கினாள். கையில் ஒரு மூட்டை, காலில் மரச்செருப்பு. தெருவில் அத்தனை வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டு வேளை. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. அவள் எங்கள் வாசலில் நடையைக் குறைத்தாளா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் என் வீட்டுக்காரர் இடக்கையால் சூப்பை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு போறது?" என்றார்.

"யாருமில்ல, சாப்பிடுங்க," என்றேன்.