ஒரு நிமிஷம் பழசு

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் ஃபேன் வேகம் கூடிக் குறைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி கூடியது, முன்பைவிட அதிகமாக. மூன்றாம் முறை நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஃபேனுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று மனைவி சிரித்தாள். ஜன்னல் வழியே ஈர உப்பின் வாடை வந்தது. அந்த வாடை என்னைச் செல்வத்திடம்தான் கொண்டுபோய் விடும்.

மரக்காணம் பக்கம் ஒரு சப்-ஸ்டேஷனில் எனக்கு முதல் வேலை. உப்பள மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். லைனின் மறுமுனையான அனுமந்தையில் வேலை பார்த்த செல்வம் போனில் அளவைச் சொல்ல, நான் என் முனையில் கூட்டிக் குறைப்பேன். அவனுக்கு மீட்டர் ஓர் அறையில், போன் இன்னோர் அறையில். அதனால் அளவுக்கு முன் அதன் வயதைச் சொல்வான்: "ஏம்பா, இது இப்போ உள்ளது இல்ல. ஒரு நிமிஷம் பழசு." சாப்பிட்டாயா என்று கேட்டாலும் 'ரெண்டு மணி நேரம் பழசு' என்பான் என்று அவனைக் கேலி செய்வோம்.

பிறகு அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கான கணக்கு மாதிரியை எழுதிய அதிமேதாவி நான்தான். தகவல் வந்துசேர எவ்வளவு தாமதம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். கண் இமைப்பதற்குள் வருகிறதே!

ஒரு மார்கழி விடியலில் தகவல் கேபிள் பழுதாகி, தகவல் சுற்றுவழியில் தாமதமாக வந்தது. கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? ஏற்கெனவே ஏறிவிட்ட வோல்டேஜைப் பழைய அளவைப் பார்த்து இன்னும் ஏற்றியது. ஏறியது தெரிந்ததும் கண்டபடி இறக்கியது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. செல்வம் போனில் கத்தினான்: "மிஷினை நிறுத்துப்பா! பழச பாத்து ஆடுது. கம்பத்து பீங்கான்ல உப்பு ஏறி பனியில சீறுது!"

"ஏறி இறங்கிச்சு, இப்போ ஸ்கிரீன்ல சரியாத்தானே இருக்குது" என்றேன்.

"அப்போ நானே போய் இங்க லைனை நிறுத்துறேன்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதன் வழியாகத்தான் வெடிச்சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் என் திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

வலது கையும் பாதி முகமும் வெந்து பிழைத்தான். ஆஸ்பத்திரியில் அழுத என்னிடம், "உன் ஸ்கிரீன் பொய் சொல்லலப்பா. லேட்டா சொல்லிச்சு" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது அனுமந்தை அறை பூட்டிக் கிடக்கிறது. எல்லாம் எங்கிருந்தோ தானாக நடக்கிறது. யார் எந்த இடத்தில் பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறார்களோ! செல்வமும் போன வருஷம் போய்விட்டான்.

நேற்று நான்காம் முறை ஃபேன் வேகம் கூடியபோது கை தானாக அவன் நம்பரை அழுத்தியது. மணி போய்க்கொண்டே இருந்தது.